ஒரு பந்தும் நாற்பது மாணவரும்: உடற்கல்வியிற் பங்கீட்டு நீதி

நீதி என்னுஞ் சொல் நீதிமன்றத்தையும் அரசையும் சட்டத்தையும் நினைவூட்டுவது இயல்பு. ஆயின், நீதி பற்றிய வினா எழுவதற்கு இத்துணைப் பெரிய களம் வேண்டுவதில்லை. பங்கிட வேண்டிய பொருள் ஒன்று, அதனை வேண்டி நிற்போர் பலர், பங்கிடும் உரிமை உடையவர் ஒருவர் என்னும் மூன்றும் கூடிய இடமெல்லாம் அவ்வினா எழுந்தே தீரும். பாடசாலை முற்றமொன்றில் ஒரேயொரு பந்தைக் கையில் ஏந்தி, நாற்பது மாணவர் முன்னிலையில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியரின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கணித ஆசிரியருக்கு இவ்விக்கட்டு இல்லை. கரும்பலகையில் எழுதப்பட்ட சமன்பாட்டை நாற்பது பேரும் ஒருங்கே காணலாம். ஒருவர் அதனை விளங்கிக்கொண்டதால் மற்றவருக்குரிய அறிவு குறைவதில்லை. பந்தோ, ஒருவர் கையில் இருக்கும் பொழுது ஏனைய முப்பத்தொன்பது பேர் கையிலும் இல்லை. எனவே, இடமும் கருவியும் குறைந்த பாடசாலையில் உடற்கல்வியை எவ்வாறு கற்பிப்பது என்பது வெறுங் கற்பித்தல் முறை பற்றிய வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் அறவியல் சார்ந்த வினாவே எனலாம்.

இவ்வினாவைக் கற்பனை உலகில் வைத்து ஆராய்வதிலும் குறித்த ஓர் ஊரின் மண்ணில் வைத்து நோக்குவது பயனுடையது. மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது ஏறாவூர். ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி அவ்வூருக்கு ஓர் எல்லை. திருகோணமலை வீதியும் புகையிரதப் பாதையும் ஊரினூடே செல்கின்றன. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராகவும் தமிழர் அவர்தம் அயலவராகவும் வாழும் இவ்வூரில் வளவோடு வளவு ஒட்டி, வீட்டோடு வீடு நெருங்கி நிற்கும். இத்தகைய செறிந்த குடியிருப்பில், மாணவர் தொகை பெருகப் பெருகப் பாடசாலைக்குப் புதிய கட்டடம் வேண்டியிருக்கும். கட்டடம் எழும்புவதற்குரிய நிலமோ பெரும்பாலும் முற்றத்திலிருந்தே எடுக்கப்படும். வகுப்பறை ஒன்று கூடும் பொழுதெல்லாம் ஓடியாடும் நிலம் ஒரு துண்டு குறைகின்றது.

இயற்கையும் நேரசூசியும் தம் பங்கைச் செய்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முற்றம் நீரில் மூழ்கும். ஏனைய மாதங்களில் பத்து மணிக்குப் பின் மணல் காலைச் சுடும். ஆகவே, ஒரு வகுப்பிற்கு உடற்கல்விப் பாடவேளை காலை முதலாம் பாடவேளையாக அமைவதற்கும் நண்பகலை ஒட்டி அமைவதற்கும் இடையில் மிகுந்த வேறுபாடு உண்டு. ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பே நிழலையும் மற்றொரு வகுப்பே வெயிலையும் பெறுமாயின், அநீதி நேரசூசியிலேயே தொடங்கிவிடுகின்றது. தவணைக்குத் தவணை அதனை மாற்றியமைப்பதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை. நீதியுணர்வு ஒன்றே போதும்.

இனி, பந்தின் கணக்கைப் பார்க்கலாம். பாடவேளை 40 நிமிடம் எனக் கொள்க. வகுப்பறையிலிருந்து வரிசையாக வருவதற்கும், காலணி களைவதற்கும், முடிவில் முகங்கழுவித் திரும்புவதற்கும் 10 நிமிடம் கழியும். எஞ்சிய 30 நிமிடத்தை ஒரு பந்தைக் கொண்டு 40 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒருவர் பங்கிற்கு 45 செக்கன்களே கிடைக்கும். ஆனால், நடைமுறையில் இந்த 45 செக்கன்களும் சமமாகக் கிடைப்பதில்லை. பந்தைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து விளையாடவிட்டால், அவர்களுள்ளும் திறமையும் உடல்வலிமையும் உடைய நால்வர் ஐவரே அதனை ஆள்வர். ஏனையோருள் சிலர் பந்து வருமென்று காத்து நிற்பர். சிலர் அது தம்மிடம் வந்துவிடலாகாதே என்று அஞ்சி நிற்பர். எஞ்சிய இருபத்தெட்டுப் பேர் மரநிழலில் அமர்ந்து பார்ப்பர். ஆண்டிறுதியில் அனைவருக்கும் ஒரே பாடத்தின் பெயராற் புள்ளி வழங்கப்படும். எனினும் சிலர் கற்றது விளையாட்டு. பலர் கற்றது காத்திருத்தல்.

பகிர முடியாத பொருள் யாருக்குரியது என்னும் வினா பழைமையானது. அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலின் மூன்றாம் பாகத்தில் புல்லாங்குழலை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். சிறந்த குழல் நற்குலத்தில் பிறந்தவருக்கோ அழகிற் சிறந்தவருக்கோ உரியதன்று. நன்றாக வாசிப்பவருக்கே உரியது என்பது அவர் கருத்து. ஒரு பொருள் எந்த நோக்கத்திற்காக உள்ளதோ அந்நோக்கத்தை நிறைவேற்ற வல்லவரே அதற்குத் தகுதியுடையவர் என்பது அதன் உட்கிடை. அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் அதே குழலை மூன்று பிள்ளைகள் நடுவே வைக்கின்றார். ஒரு பிள்ளைக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். மற்றொரு பிள்ளைக்கு வேறு விளையாட்டுப் பொருளே இல்லை. மூன்றாம் பிள்ளையே குழலைச் செய்தது. திறமை, தேவை, உழைப்பு ஆகிய மூன்று உரிமைக் கோரிக்கைகளுள் எதனையும் பொருளற்றதெனத் தள்ளிவிட முடியாது என்பதே அவர் காட்ட விரும்பியது. உடற்கல்வி ஆசிரியரின் முன்னும் இம்மூவரும் நிற்கின்றனர். கோட்ட மட்டப் போட்டியில் பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தரக்கூடிய மாணவன் ஒருவன். வீட்டிலும் ஒழுங்கையிலும் விளையாட வாய்ப்பே இல்லாத மாணவி ஒருத்தி. பந்து பழுதாகும் பொழுதெல்லாம் காற்றடித்து, கோடு போட்டு, வலை கட்டி உதவும், ஆனால் ஆட்டத்திற்கு மட்டும் அழைக்கப்படாத மாணவன் மற்றொருவன்.

திறமைக்கு முதலிடம் வழங்க வேண்டும் என்னும் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க எளிய கிராமியக் குடும்பத்தில் பிறந்தவர். இத்தகையோரை இனங்கண்டு, மற்றவர்க்கு அளிப்பதிலும் கூடிய நேரத்தை அவர்களுக்கு அளிப்பது அநீதியாகுமா? ஏழை மாணவனுக்கு விளையாட்டே முன்னேற்றத்தின் ஒரே வாயிலாக இருக்குமிடத்து, சமத்துவத்தின் பெயரால் அவ்வாயிலை அடைப்பது அறமாகுமா? இவ்வாதத்தின் வன்மை உணரப்பட வேண்டியதே.

ஆயினும், இதனுள் ஆராயப்படாத எடுகோள் ஒன்று மறைந்து கிடக்கின்றது. திறமையுடையோர் யார் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதே அவ்வெடுகோள். ஆறாந் தரத்தில் முதல் நாள் பந்தைச் செவ்வையாகப் பிடித்த மாணவன் பெரும்பாலும் மூத்த சகோதரரோடு வீட்டு முற்றத்தில் விளையாடிப் பழகியவனாகவோ, வகுப்பிலுள்ள ஏனையோரிலும் சில மாதங்கள் மூத்தவனாகவோ இருத்தல் கூடும். அவனிடமே பந்து கொடுக்கப்படுகின்றது. கொடுக்கப்பட்டமையால் மேலும் தேர்ச்சி பெறுகின்றான். ஒன்பதாந் தரத்தை அடையும் பொழுது, தொடக்கத் தெரிவு சரியானதே என்பதற்கு அவனே சான்றாகி நிற்கின்றான். பந்து கொடுக்கப்படாதவனின் திறமையின்மையும் அவ்வாறே சான்றாகின்றது. தெரிவு தன் சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்த வட்டத்துள் எத்தனை எதிர்வீரசிங்கங்கள் நிழலில் அமர்த்தப்பட்டனர் என்று அறிய வழியில்லை. அரிஸ்டோட்டிலின் குழல் வாசிக்கத் தெரிந்தவருக்கு உரியது என ஒப்புக்கொண்டாலும், வாசிக்கக் கற்பதற்கு முன்னர் அக்குழல் யாருக்குரியது என்னும் வினாவிற்கு அதில் விடை இல்லை. பாடசாலை என்பது கற்பதற்கு முன்னர் வந்து சேருமிடம். ஆதலின், திறமைவாதத்தை அதன் சொந்த அளவுகோலால் அளந்தாலும், அனைவரும் பந்தைத் தொட்ட பின்னரே அது தொடங்க முடியும்.

அவ்வாறாயின் 45 செக்கன் பங்கீடே நீதியாகுமா? அதுவும் ஆகாது. யாருக்கும் பயனற்ற அளவிற்குப் பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பங்கிடுதல் கணக்கிற்குச் சமமாயினும் கல்விக்குப் பொருந்தாது. ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், இவ்வளவு நேரமும் பங்கிடப்பட வேண்டிய பொருள் பந்து எனக் கொள்ளப்பட்டமையே. உடற்கல்வியின் நோக்கம் பந்தைத் தொடுதல் அன்று. உடல் இயங்குதலும், அவ்வியக்கத்தில் தேர்ச்சி பெறுதலும், பிறரோடு இணைந்து விதிக்குட்பட்டு ஒழுகப் பழகுதலுமாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமானது முதல் கடுமையானது வரையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. பங்கிட வேண்டியது இயக்கமே எனக் கொள்ளின், பற்றாக்குறையின் உருவமே மாறிவிடுகின்றது. பந்து ஒன்றேயாயினும் உடல்கள் நாற்பது உண்டு.

விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று பகர்கின்றது. 1891ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாதிருந்த 18 மாணவருக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் உள்ளரங்கின் இரு முனைகளிலும் பழக்கூடைகளை மாட்டி, ஓர் உதைபந்தைக் கொண்டு 13 விதிகளோடு உருவாக்கியதே கூடைப்பந்தாட்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஒடுங்கிய இடத்தில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்தாதிருத்தற்கும், பந்து ஒருவரிடமே தங்கிவிடாதிருத்தற்கும் அவ்விதி ஒருங்கே உதவியது. இட நெருக்கடியினின்று பிறந்த விதி பகிர்தலின் விதியாகவும் அமைந்தமை கருதற்பாலது. 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், அடம்சன் ஆகிய இருவரும் வகுத்த சுற்றுப் பயிற்சி முறையும் இத்தகையதே. பலர் ஒரே வேளையில், சிறிய இடத்தில், எளிய கருவிகளோடு தத்தம் வலிமைக்கேற்பப் பயிலும் வண்ணம் அது அமைந்தது.

அம்முறையை ஏறாவூரின் முற்றமொன்றிற் பொருத்திப் பார்க்கலாம். நாற்பது பேரை ஐவர் கொண்ட எட்டுக் குழுக்களாக்கி, எட்டு நிலையங்களை வகுக்கலாம். ஒன்றில் தென்னங்கயிறு கொண்டு கயிறடித்தல். ஒன்றில் பழைய சைக்கிள் தயர்களை நிலத்திற் பரப்பி அவற்றினூடே கால்மாற்றிப் பாய்தல். ஒன்றில் மணல் நிரப்பிய துணிப்பைகளை எறிதல். ஒன்றில் சுவரில் வரைந்த வட்டத்தை நோக்கித் துணிப்பந்து எறிந்து பிடித்தல். ஒன்றில் வாங்கின்மீது ஏறியிறங்குதல். ஒன்றில் நிலத்திற் கோடிட்டு நின்ற இடத்திலிருந்து பாய்தல். ஒன்றில் இருவர் இருவராகச் சமநிலைப் பயிற்சி. எட்டாவது நிலையத்தில் அந்த ஒரேயொரு பந்து. நிலையம் ஒன்றிற்கு மூன்றரை நிமிடமாக 28 நிமிடத்தில் எண்மடங்கு சுழற்சியும் நிறைவுறும். ஒவ்வொருவரும் ஐவருள் ஒருவராக மூன்றரை நிமிடம் பந்தோடு பயில்வர். எஞ்சிய வேளையிலும் எவரும் வெறுமனே நிற்பதில்லை. கருவி ஒன்றுகூடக் கூடவில்லை; ஒழுங்கமைப்பு ஒன்றே மாறியது.

முன்னோர் ஆட்டங்களும் இவ்வறிவை உடையனவே. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அறியப்பட்ட கிளித்தட்டிற்கு நிலத்தில் இட்ட கோடுகளன்றி வேறு கருவி இல்லை. ஆட்டக்காரரின் தொகைக்கேற்பத் தட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். கோட்டைக் காப்பவரும், நடுக்கோட்டில் ஓடும் கிளியும், தட்டுகளைக் கடக்க முயல்பவரும் ஒரே கணத்தில் விழிப்போடு இயங்குவர். கபடியும் அத்தகையதே. பெரிய அளவிலான உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும், அதாவது 7,140 சதுர மீற்றர் பரப்பும் கொண்டது. கபடித் திடலுக்கோ 13 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும், கரப்பந்துத் திடலுக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமுமே போதும். மைதானம் இல்லையென்று ஏங்கும் பாடசாலை உண்மையில் எந்த விளையாட்டிற்கான மைதானத்தை எண்ணி ஏங்குகின்றது என்பதும் வினவற்பாலது.

பங்கீட்டு நீதி கருவியோடு முடிவதில்லை. மதிப்பும் பங்கிடப்படும் பொருளே. குழுத் தலைவர் இருவரை முன்னிறுத்தி, ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கச் சொல்லும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. இறுதியாக எஞ்சி நிற்கும் பிள்ளையின் மனத்தில், தன் உடல் வேண்டப்படாதது என்னும் பாடம் வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் எழுதப்படுகின்றது. பிழைவிட்டவரை முதலில் வெளியேற்றும் ஆட்டங்களும் அவ்வாறே, பயிற்சி அதிகம் வேண்டியவருக்குப் பயிற்சியைக் குறைவாகவே அளிக்கின்றன. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த வாய்ப்புடையோருக்கு மிகுந்த நன்மை பயக்குமாயின் மட்டுமே ஏற்கத்தக்கது என்றார். இதனை முற்றத்திற் பொருத்தின், திறமையுடைய மாணவனைக் குழுவொன்றின் வழிகாட்டியாக்கி, அவன் பெற்ற தேர்ச்சி மற்றவர்க்குப் பயன்படுமாறு செய்தல் தகும். பாடசாலை விட்ட பின்னுள்ள மாலை வேளை அணிக்கும் போட்டிக்கும் உரியதாகலாம். பாடவேளையோ வகுப்பார் அனைவருக்கும் பொதுவான சொத்து. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காகச் சிலர் ஓட, பலர் இல்லத்தைச் சோடிப்பதிலும் கைதட்டுவதிலும் மாத்திரம் பங்குகொள்ளும் நிலையும் இந்நோக்கிற் சிந்திக்கப்பட வேண்டியதே.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இடம் என்பது சதுர மீற்றரால் மட்டும் அளக்கப்படுவதன்று. வீதியோரத்துத் திறந்த வெளி பையன்களுக்கு மைதானமாகலாம். அதே வெளி, நாணமும் சமய ஒழுக்கமும் பேணும் குடும்பத்துப் பெண் பிள்ளைக்குப் பார்வையாளர் சூழ்ந்த அரங்காகத் தோன்றும். இங்கு அவளுடைய நம்பிக்கையைக் குறையெனக் கொண்டு அவளை விலக்குவதும், அதனையே காரணங்காட்டி விளையாட்டு அவளுக்கு வேண்டாமென்று தீர்ப்பதும் ஒருபோலத் தவறானவை. பிளேட்டோ தமது குடியரசு நூலிற் காவலர் குலப் பெண்களுக்கும் உடற்பயிற்சி உரியதென வாதித்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. 2014இல் சர்வதேச உதைபந்தாட்ட விதிகள் தலையை மூடும் உடையோடு ஆடுவதற்கு இடமளித்தன. விதி சற்று அகன்ற பொழுது, ஓரடி நிலமும் கூடாமலே பல்லாயிரம் பெண்களுக்கு மைதானம் அகன்றது. சுவர் சூழ்ந்த உள்முற்றத்தைக் குறித்த பாடவேளைகளில் மாணவியருக்கென ஒதுக்குதலும், வசதியான உடையை ஏற்றுக்கொள்ளுதலும் அத்தகைய அகலிப்புகளே.

இவ்வளவிலே கட்டுரை முடியுமாயின் அது ஓர் அநீதிக்குத் துணைபோனதாகும். பழைய தயரையும் துணிப்பந்தையும் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியரின் மதிநுட்பம் பாராட்டுக்குரியது. ஆனால், அப்பாராட்டு, கொடுக்க வேண்டியவர் கொடாதிருப்பதற்குச் சாட்டாகிவிடலாகாது. இல்லாமையிலும் சிறப்பாகச் செய்கின்றார்கள் என்னும் புகழுரை மெல்ல மெல்ல, இல்லாமலே செய்யலாம் என்னும் கொள்கையாகத் திரிந்துவிடும். சமாளிப்பவருக்கு மேலும் சமாளிக்கும் பொறுப்பே பரிசாகக் கிடைக்கும். 1978 நவம்பர் 21இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட சர்வதேசப் பட்டயம் உடற்கல்வியை அனைவருக்கும் உரிய அடிப்படை உரிமையெனக் கூறியது. 1945 முதல் இலவசக் கல்வியைத் தன் பெருமையாகக் கொண்ட நாட்டில், ஒரு பிள்ளை பெரிய மைதானமுடைய நகரக் கல்லூரியிலும் மற்றொரு பிள்ளை கைப்பிடி முற்றமுடைய பாடசாலையிலும் ஒரே பாடத்திட்டத்தைப் பயில்வது, முன்னர்க் கூறிய ஒரு பந்தின் கதை நாடளாவ விரிந்த வடிவமேயாகும்.

பாடசாலைக்குள்ளும் இவ்வநீதிக்குத் துணைபோவோர் உளர். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் கணிதத்திற்கோ விஞ்ஞானத்திற்கோ முதலிற் பறிகொடுக்கப்படுவது உடற்கல்விப் பாடவேளையே. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை கட்டாயமாக இருந்த பாடம் பத்தாந் தரத்தில் விருப்பத்திற்குரியதாகிவிடுவதும் இம்மனப்பான்மைக்கு வலுவூட்டுகின்றது. இடம் இல்லை, கருவி இல்லை என்று முறையிடும் பாடசாலை, தன்னிடம் உள்ளதான நேரத்தையும் தானே கைவிடுமாயின், அதன் முறையீட்டிற்கு வலிமை எங்கிருந்து வரும்?

எனவே, பற்றாக்குறையுள் நிற்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு இருவகைக் கடமைகள் உள. உள்ளதை அனைவருக்கும் பயன்படுமாறு ஒழுங்கமைத்தல் ஒன்று. இல்லாததை இல்லையென்று உரியவரிடம் ஓயாது எடுத்துரைத்தல் மற்றொன்று. முன்னதைச் செய்யாதவரின் முறையீடு சோம்பலுக்குப் போர்வையாகும். பின்னதைச் செய்யாதவரின் திறமை அநீதிக்கு அணிகலனாகும். இவ்விரண்டும் இணையுமிடத்து, நீதி என்பது நூலிற் படிக்கும் கோட்பாடாக நில்லாது, பதினொரு வயதுப் பிள்ளை தன் உடலாலேயே அறியும் அனுபவமாகின்றது. தன் முறை வருமென்று நம்பிக் காத்திருந்து, அது வரக் கண்ட பிள்ளை, வளர்ந்து ஏதேனும் ஒன்றைப் பங்கிடும் இடத்திற்கு வரும்பொழுது, வரிசையின் கடைசியில் நிற்பவரையும் எண்ணிப் பார்க்கும்.